போர்ட்லேண்டின் ரிப்பன் கட்டிய பெட்டி: இடித்திருக்க வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாக அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லேண்டுக்குப் போன ஒருவர், நகரின் நடுவில் ஒரு மாநகராட்சி அலுவலகத்தைப் பார்த்திருக்கிறார். "பரிசுப் பெட்டிக்கு ரிப்பன் ஒட்டினது மாதிரி இருந்தது. கூட வந்தவர் இது உலகப் புகழ்பெற்ற கட்டடம் என்றார். இருட்டு, ஒழுகல் என்று உள்ளே வேலை பார்த்தவர்களே திட்டிய கட்டடத்தை இடிக்காமல், 195 மில்லியன் டாலர் கொட்டிப் புதுப்பித்திருக்கிறார்களாம். அப்படி என்ன இருக்கிறது இதில்?" என்று கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மோசமாக வேலை செய்த ஒரு கட்டடம் எப்படி முக்கியமான கட்டடம் ஆனது என்பது ஒன்று. அவ்வளவு பணம் போட்டு அவர்கள் காப்பாற்றியது கட்டடத்தையா, அதன் தோற்றத்தை மட்டுமா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சுவாரசியம். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

என்னைப் பற்றி ஒரு வரி. ஆர்க்கிடெக்சர் படித்தேன். வடிவமைப்பில் நீடிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டடங்களின் வெளிச்சுவர் வேலைதான். தண்ணீர் எங்கே இறங்குகிறது, ஏன் இறங்குகிறது, பழைய சுவருக்கு மேல் புதுத் தோல் எப்படிப் போர்த்துவது, இதுதான் என் பிழைப்பு. போர்ட்லேண்ட் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கு முன்னால் ஒரு முறையும், பின்னால் ஒரு முறையும் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டத்தில் நான் வேலை செய்யவில்லை. உள்ளே மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவனும் இல்லை. அதனால் வெளிச்சுவர் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாகவும், உள்ளே இருந்த வாழ்க்கை பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைவாகவும் நம்புங்கள்.

1970களின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் அலுவலகக் கட்டடம் என்றால் கண்ணாடிப் பெட்டி. அலங்காரம் கூடாது, வண்ணம் கூடாது, தூண் என்றால் சுமை தாங்க மட்டும். ஐம்பது வருடம் ஓடிய அந்த நவீனத்துவம் பலருக்குச் சலித்துப்போயிருந்தது. கட்டடம் மக்களோடு பேச வேண்டும், பழைய வடிவங்களை எடுத்தாளலாம், கிண்டலும் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்நவீனத்துவர் என்று பேர் வந்தது. ஆனால் பேச்சு நிறைய, கட்டியது கொஞ்சம். சில வீடுகள், சில விரிவாக்கங்கள், நிறைய ஓவியங்கள். பெரிய பொதுக் கட்டடம் ஒன்றை அந்த மொழியில் கட்டிக் காட்ட யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் ஃபிலிப் ஜான்சன் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு வடிவமைத்த கோபுரம் 1979 தொடக்கத்திலேயே டைம் பத்திரிகை அட்டையில் வந்துவிட்டாலும், அது கட்டி முடிய 1984 ஆனது. முந்திக்கொண்டது போர்ட்லேண்ட். 1982 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். அதனால்தான் வரலாற்றுப் புத்தகங்களில் முதல் பெரிய பின்நவீனத்துவக் கட்டடம் என்று இதற்கு இடம்.

அது எப்படி நடந்தது என்பதே ஒரு கதை. மாநகராட்சி ஊழியர்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவர ஒரு கட்டடம் வேண்டும் என்று நகரம் போட்டி வைத்தது. வடிவமைப்பவரும் கட்டுபவரும் ஒரே குழுவாக வந்து, இந்த விலைக்கு இதைக் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். விலை முன்பே முடிவானது. எரிபொருள் நெருக்கடி உலுக்கிய காலம் என்பதால், மின்சாரச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தேர்வுக் குழுவுக்கு ஆலோசகர் நம்ம ஃபிலிப் ஜான்சன். கடைசிச் சுற்றில் மூன்று குழுக்கள்: கனடாவின் ஆர்தர் எரிக்சன், மிட்செல்-ஜுர்கோலா நிறுவனம், அப்புறம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் கிரேவ்ஸ். கிரேவ்ஸுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. மெல்லிய மஞ்சள் தாளில் கலர் பென்சிலால் அவர் போடும் படங்கள் கேலரிகளில் தொங்கின. கட்டியதோ சில வீடுகளும் சமையலறை விரிவாக்கங்களும்தான். பதினைந்து மாடியெல்லாம் அவர் கை வைக்காத உயரம்.

கிரேவ்ஸின் வடிவமைப்பே மலிவாகவும் இருந்தது, எரிபொருள் கணக்கிலும் முந்தியது. உள்ளூரில் ஒரே கூச்சல். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் பியெத்ரோ பெல்லூஸ்கி, போர்ட்லேண்டின் மூத்த நவீனத்துவர். அவர் சொன்ன உவமைகளில் ஒன்று பெரிதாக்கிய இசைப்பெட்டி, இன்னொன்று ரிப்பன் கட்டிய கிறிஸ்துமஸ் பொட்டலம். கேள்வி கேட்டவர் கவனிக்கவும், உங்கள் உவமை நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. நகர மன்றம் தயங்கி, கிரேவ்ஸையும் எரிக்சனையும் இன்னொரு சுற்று மோதவிட்டது. கடைசியில் கிரேவ்ஸே ஜெயித்தார். ஜான்சனின் செல்வாக்கால் ஜெயித்தாரா, விலையால் ஜெயித்தாரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. இரண்டும் இருந்தன என்பது உறுதி. எது எத்தனை பங்கு என்பது அவரவர் ஊகம். என் ஊகம், ஒரு நகர மன்றத்தில் கை தூக்க வைப்பது எப்போதும் விலைதான்.

கட்டடத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் வர்ணிக்கிறேன். போர்ட்லேண்ட் நகர மையத்தின் தெருக்கட்டங்கள் இருநூறு அடிக்கு இருநூறு அடி. அதில் ஒரு கட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறையச் சதுரமாக நிற்கிற பெட்டி இது. அடியில் படிப்படியாக ஏறும் கரும்பச்சை நீலப் பீடம். அதன் மேல் வெளிர் மஞ்சள் உடம்பு, அது நிறைய நான்கடிச் சதுர ஜன்னல்கள். நான்காம் அவென்யூ, ஐந்தாம் அவென்யூ பக்கங்களில் பல மாடி உயரத்துக்கு இரண்டு செம்மண் நிற அரைத்தூண்கள். அவற்றுக்கு மேலே, கல் வளைவின் உச்சியில் ஆப்பு மாதிரி செருகுவார்களே, அந்தக் கல்லின் வடிவம். இங்கே அது மாடிக்கணக்கான உயரம், வளைவே இல்லாமல் தனியாக நிற்கிறது. மற்ற இரண்டு பக்கங்களில் தூண் வரிசைக்கு மேல் நீல ரிப்பன் மாலைகள். பாதம், உடம்பு, தலை என்று மனித உருவைப் போல் ஒரு கட்டடம் இருக்க வேண்டும் என்பது கிரேவ்ஸின் வாதம். நம் கோயில் விமானத்தைப் பாதம், கழுத்து, சிகரம் என்று உடம்பாகப் பிரித்துச் சொல்லும் மரபு தெரிந்தவருக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்த அமெரிக்க ஆர்க்கிடெக்டுகளுக்கு இருந்தது. பச்சை நிலத்துக்கு, செம்மண் நிறம் மண்ணுக்கு, நீலம் வானத்துக்கு என்று வண்ணங்களுக்கும் கணக்கு வைத்திருந்தார்.

இதுவரை சொன்னது எல்லாம் படத்தில் இருந்தது. படத்திலிருந்து கட்டடத்துக்கு வரும் வழியில்தான் வினை. மாலைகள் காற்றில் படபடக்கும் ரிப்பன்களாக, சுவரைவிட்டு வெளியே துருத்தி நிற்பதாக ஆரம்பத்தில் வரைந்திருந்தார். கட்டியபோது அவை சுவரோடு ஒட்டித் தட்டையாகிப்போயின. மொட்டைமாடியில் குட்டிக் கோயில்கள் மாதிரி ஒரு சிறு கிராமமே வரைந்திருந்தார். அதையும் வெட்டிவிட்டார்கள். கல்லாகவும் சுட்ட மண்ணாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டிய உடம்பு, கான்கிரீட் மேல் அடித்த பெயிண்டாக முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 25 மில்லியன் டாலர். கட்டடத்தைப் பார்த்து அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆழம் இருக்க வேண்டிய இடமெல்லாம் தட்டையானதால் வரும் உணர்வு அது. நிழல் விழாத தூண், தூணின் படமாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

உள்ளே இருட்டு என்ற புகாருக்கு வருவோம். இதில் மர்மம் ஒன்றும் இல்லை, கணக்குதான். வானத்து வெளிச்சம் ஓர் அறைக்குள் உபயோகமாக எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு தோராய விதி உண்டு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு தூரம். மேல்விளிம்பு ஏழடியில் இருந்தால் பத்திலிருந்து பதினேழடி. இங்கே தளமோ தெருக்கட்டம் அளவுக்குச் சதுரம். நடுவில் லிஃப்டும் மாடிப்படியும் போக மீதி இடத்தில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கும். ஜன்னல் பெரிதாக, அகலமாக இருந்தாலே இது கஷ்டம். இங்கே சின்னச் சின்னச் சதுரங்கள், அதிலும் கருமை ஏற்றிய கண்ணாடி. வெயில் கொளுத்தும் ஊருக்குச் சரியாக இருக்கும் கண்ணாடியை, வருடத்தில் பாதி நாள் மேகம் மூடிக்கிடக்கும் ஊரில் போட்டிருக்கிறார்கள். சின்ன ஜன்னல் எரிபொருள் போட்டியில் மதிப்பெண் வாங்கித் தந்தது, சுவரில் ஓட்டை குறைந்தால் கட்டுவதும் மலிவு, கிரேவ்ஸுக்கும் முகப்பில் படம் வரையத் தாள் அகலமாகக் கிடைத்தது. எல்லாருக்கும் வசதி, உள்ளே உட்கார வேண்டியவரைத் தவிர.

பூங்கா இருக்கும் நான்காம் அவென்யூ பக்கம் இன்னும் மோசம். எதிரே சாப்மன் சதுக்கத்தில் பெரிய மரங்கள், நிழல், மக்கள். அந்தப் பக்கத்தில் தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிட வாசலை வைத்திருந்தார்கள். நான் முதல் முறை போனபோது பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே அவ்வளவு பெரிய தூண்களும் ஆப்புக்கல்லும், கீழே இருண்ட கராஜ் வாய். அலங்கார வளைவு கட்டி அதற்குக் கீழே குப்பைத் தொட்டி வைத்தது போல இருந்தது. முகப்புகளை எல்லாம் அழகாக வரைந்த மனுஷருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெருக்கட்டம் சின்னதாக இருக்கும் நகரத்தில் வண்டி எங்காவது நுழைந்துதான் ஆக வேண்டும் என்று பதில் சொல்வார்கள். சரி. ஆனால் பூங்காவுக்கு எதிரேயா?

அப்புறம் ஒழுகல். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. போர்ட்லேண்டில் 900 சொச்சம்தான். ஆனால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுச் சுவர் காய்ந்துவிடும். போர்ட்லேண்டில் அக்டோபரில் ஆரம்பித்து வசந்தம் வரைக்கும் தூறிக்கொண்டே இருக்கும், சுவர் காய நேரம் கிடைக்காது. சுவருக்கு எதிரி கொட்டும் மழை மட்டும் இல்லை, விடாத ஈரமும்தான். பெயிண்ட் அடித்த கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் விழும், அது தவிர்க்க முடியாதது. அந்த விரிசலில் தண்ணீர் ஏறும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடைத்திருக்கும் சீலண்ட் பத்துப் பதினைந்து வருடத்தில் விறைத்துப்போகும். இந்த மாதிரிச் சுவரில் தண்ணீரைத் தடுப்பது ஒரே ஒரு கோடுதான், வெளிமேற்பரப்பு. அது தோற்றால் பின்னால் இரண்டாவது காவல் இல்லை. எத்தனை முறை பூசினாலும் இந்த வடிவத்தில் ஒழுகல் திரும்பத் திரும்ப வரும். இதைக் கிரேவ்ஸின் குற்றம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எத்தனையோ சாதாரணக் கட்டடங்களை இதே மாதிரிதான் கட்டினார்கள். அவற்றின் ஒழுகலைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டடத்தில் எல்லாருமே ஒப்புக்கொள்ளும் ஒரு நல்ல விஷயம், ஐந்தாம் அவென்யூ வாசலுக்கு மேல் மண்டியிட்டிருக்கும் செப்புப் பெண், போர்ட்லேண்டியா. சிற்பி ரேமண்ட் காஸ்கி. நகரத்தின் முத்திரையில் இருக்கும் பெண் உருவத்தை வைத்துச் செய்தது. ஒரு கையில் திரிசூலம், இன்னொரு கையைத் தெருவில் நடப்பவரை நோக்கிக் கீழே நீட்டியிருக்கிறாள். மண்டியிட்ட நிலையிலேயே 34 அடிக்கு மேல். சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கிய செப்புச் சிலைகளில், அமெரிக்காவில் சுதந்திர தேவிக்கு அடுத்தபடி இதுதான் பெரியது என்பார்கள். 1985 அக்டோபரில் வில்லமெட் ஆற்றில் தட்டைப்படகில் வைத்துக் கொண்டுவந்தபோது நகரமே கரையில் நின்று பார்த்தது. இவ்வளவு பெரிய சிலை ஏன் வெளியூரில் யாருக்கும் தெரியவில்லை என்றால், பதிப்புரிமை சிற்பியிடமே இருந்தது, டீ-ஷர்ட்டிலும் அஞ்சலட்டையிலும் அவள் தாராளமாகப் பரவவில்லை. என் கண்ணுக்கு, படத்தில் கிரேவ்ஸ் கேட்ட ஆழமும் நிழலும் அந்தக் கட்டடத்தில் உண்மையாகக் கிடைத்த ஒரே இடம் அவள்தான். தட்டிய செம்பு, நிஜமான உருண்ட தோள், கீழே நிஜமான நிழல்.

மரபு, தாக்கம் என்று கேட்டால், இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1983ல் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கம் இதற்கு விருது கொடுத்தது. கிரேவ்ஸ் ஒரே நாளில் என்பது போலப் பிரபலமானார். கென்டக்கியில் லூயிவில் நகரத்து ஹுமானா தலைமையகம், ஃபுளோரிடாவில் டிஸ்னியின் அன்ன ஓட்டலும் டால்ஃபின் ஓட்டலும், டென்வர் மத்திய நூலகம் என்று பெரிய வேலைகள் வரிசையாக வந்தன. இதெல்லாம் உறுதி. ஆனால் 80களில் உலகம் முழுக்க அலுவலகக் கட்டடங்களின் தலையில் முக்கோணத் தொப்பியும் முகத்தில் ஒட்டுத்தூணும் வந்ததற்கு இந்தக் கட்டடம்தான் காரணம் என்று சொல்வது கொஞ்சம் மிகை. காற்று ஏற்கனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. போர்ட்லேண்ட் செய்தது, அரசாங்கப் பணத்தில், குறைந்த பட்ஜெட்டில்கூட இது நடக்கும் என்று காட்டியது. அதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: அலங்காரத்தை மலிவாக ஒட்ட முடியும் என்று கட்டட வியாபாரிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. பத்து வருடத்துக்குள் பின்நவீனத்துவம் கெட்ட பேர் வாங்கியதில் அந்தப் பாடத்துக்கும் பங்கு உண்டு.

ஹுமானாவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஏனென்றால் சோதனைச்சாலையில்கூட இப்படி ஒரு ஒப்பீடு கிடைக்காது. அதே ஆள், அதே கருத்துகள், மூன்றே வருட இடைவெளி, 1985. கொடுத்தவர் பணக்காரத் தனியார் நிறுவனம், அதனால் பெயிண்டுக்குப் பதில் இளஞ்சிவப்புக் கிரானைட், வாசலில் நீர்வீழ்ச்சி. அந்தக் கட்டடத்தைப் பார்த்து யாரும் பரிசுப் பெட்டி என்று சொல்வதில்லை. போர்ட்லேண்டில் தோற்றது வடிவமா, பட்ஜெட்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் லூயிவில்லில் இருக்கிறது. வெளிச்சம் விஷயத்தில் மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது. சின்ன ஜன்னலைக் கருமைக் கண்ணாடியோடு வரைந்ததற்குப் பட்ஜெட்டை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

இனி இடிப்பா, காப்பா என்ற கட்டம். 2011ல் இந்தக் கட்டடம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. பொதுவாக ஐம்பது வயது ஆகாத கட்டடத்தைச் சேர்க்க மாட்டார்கள். விதிவிலக்கான முக்கியத்துவம் இருந்தால் மட்டும் சேர்ப்பார்கள். இதற்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் பழுதுபார்க்கவே 95 மில்லியன் டாலர் ஆகும் என்று ஒரு மதிப்பீடு வந்தது. நகர மன்றத்தில் சிலர் இடித்துவிடலாம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். கிரேவ்ஸ் 2003ல் முதுகுத்தண்டுத் தொற்றால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். அப்படியே 2014ல் போர்ட்லேண்டுக்கு வந்து தன் கட்டடத்துக்காகப் பேசிவிட்டுப் போனார். 2015 மார்ச்சில் இறந்துபோனார். அதே வருடம் நகரம் முடிவெடுத்தது: இடிப்பதில்லை, 195 மில்லியனுக்குள் முழுப் புனரமைப்பு.

பணத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். அதில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியாத வேலை. பசிபிக் கரைக்கு வெளியே கடலடியில் இருக்கும் கஸ்காடியா பிளவு பெரிய நிலநடுக்கம் ஒன்றை என்றைக்காவது தரும் என்று புவியியலாளர்கள் எச்சரிக்கிற பகுதி அது. 1980ல் இருந்த விதிகள் இன்றைக்குப் போதாது. மாநகராட்சி அலுவலகம் நிலநடுக்கத்துக்கு மறுநாள் நின்றுகொண்டிருக்க வேண்டிய கட்டடம். அதனால் உடம்பையே பலப்படுத்தினார்கள். ஏசி, மின்சாரம், உள் அமைப்பு எல்லாம் புதுசு. இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தாலும் இந்தச் செலவெல்லாம் வந்திருக்கும், கூடவே பதினைந்து மாடிக் கான்கிரீட்டை உடைத்து அள்ளும் செலவும். ஆக, இடித்திருந்தால் பெரிதாக மிச்சமாகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இல்லை.

வெளித்தோலுக்கு அவர்கள் செய்ததுதான் என் துறை. பழைய கான்கிரீட் சுவரைப் பழுதுபார்த்து மறுபடி பெயிண்ட் அடிக்கவில்லை. அதன் மேல் தண்ணீர் புகாத ஒரு படலம், அப்புறம் ஓர் இடைவெளி, அதற்கும் வெளியே அலுமினியப் பலகைகள். இதை எங்கள் தொழிலில் ரெயின் ஸ்கிரீன் என்போம். வெளிப்பலகை மழையில் பெரும்பகுதியைத் தடுக்கும். மூட்டுகள் வழியே கசிகிற கொஞ்சம் தண்ணீர் இடைவெளியில் வழிந்து கீழே வெளியேறிவிடும், காற்று ஓடுவதால் மீதி ஈரமும் காயும். நான் முன்னால் சொன்ன இரண்டாவது காவல் இதுதான். பொறியியலாகப் பார்த்தால் சரியான தீர்வு, அந்தத் தூறல் ஊருக்கு நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வண்ணங்களும் வடிவங்களும் பழையபடி. ஜன்னல்களில் கருமை போய்த் தெளிந்த கண்ணாடி வந்தது. கீழே சின்ன ஓடுகளுக்குப் பதில் பெரிய ஓடுகள். பூங்காப் பக்கத்துக் கராஜ் வாயை மூடிவிட்டு அங்கே கண்ணாடி போட்டார்கள். அதற்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டலாம்.

இங்கேதான் பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடுகிறவர்கள் கொதித்தார்கள். நவீனக் கட்டடங்களைக் காப்பதற்காக இயங்கும் டோகோமோமோ அமைப்பினர், அசலை மூடிவிட்டு அசல் மாதிரி ஒன்றை மேலே மாட்டுகிறீர்கள், இது காப்பது இல்லை என்றார்கள். இவ்வளவு மாற்றினால் தேசியப் பதிவேட்டில் இருக்கும் தகுதியே போய்விடலாம் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. எனக்கு இதில் இரண்டு மனம். நம் ஊரில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று கோபுரத்துச் சுதைகளைச் சரிசெய்து புதிதாக வண்ணம் தீட்டுகிறோம், கோபுரம் போய்விட்டது என்று யாரும் அழுவதில்லை. ஆனால் கருங்கல் தூணில் மணலைப் பீய்ச்சிச் சுரண்டினால் கொதிக்கிறோம். எது மாறிக்கொண்டே இருப்பதற்கு உரியது, எது தொடக்கூடாதது என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. போர்ட்லேண்ட் கட்டடத்தின் முகப்பு இந்தக் கணக்கில் சுதையா, கருங்கல்லா?

முதலில் சுதை என்றுதான் நினைத்தேன். அது பிறந்ததே படமாக. படத்தின் வண்ணமும் கோடும் இருந்தால் போதாதா? இரண்டாம் முறை நேரில் போய் நின்றபோது அவ்வளவு நிச்சயமாக இல்லை. அலுமினியப் பலகைக்கு மூட்டுக்கோடு உண்டு. பெயிண்ட் அடித்த கான்கிரீட் மாதிரி அது ஒரே தாளாக இருக்காது. அப்புறம் தடிமன். புதுத்தோல் சில அங்குலம் வெளியே வரும்போது ஜன்னல் பள்ளம் எவ்வளவு, விளிம்பில் நிழல் எவ்வளவு என்பது மாறும். இது சின்ன விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் இதே தப்பைச் செய்தோம். போர்த்தும்போது ஜன்னலைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டோம். ஒழுகல் நின்றது, ஆனால் கட்டடத்துக்குக் கண் குழி விழுந்துவிட்டது. சொந்தக்காரர் ஏதோ சரியில்லை என்று மட்டும் சொன்னார், என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. போர்ட்லேண்டில் அந்த அளவுக்கு மோசம் இல்லை, கவனமாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் பழைய கட்டடத்தின் அந்த ஏழைத்தனம் போய்விட்டது. வீடு கட்டப் பணம் பத்தாமல் சுவரில் தூணை வரைந்துவைத்த மாதிரி ஒரு கூச்சமும் துணிச்சலும் அதில் இருந்தது. இப்போது பளபளப்பாக, பணக்காரத் தோரணையில் நிற்கிறது. கிரேவ்ஸ் ஆசைப்பட்டது இதைத்தானோ என்னவோ. 1982ல் நடந்தது இது இல்லை.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: இடிக்காமல் விட்டது சரி. உள்ளே உட்காருகிறவருக்கு நல்ல கண்ணாடி கிடைத்ததும், பூங்காவுக்குக் கட்டடம் முகம் திரும்பியதும் நாற்பது வருடம் தாமதமான நியாயம். ஆனால் அவர்கள் காப்பாற்றியது படத்தை. சுவர் உள்ளே புதைந்து கிடக்கிறது. வரலாற்று மாணவர் ஒருவர் 1982ன் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பழைய புகைப்படங்களைத்தான் தேட வேண்டும். ஊழியர்கள் 2020 தொடக்கத்தில் திரும்பி வரத் தொடங்கிய கையோடு கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது தனிச் சோகம்.

மறுபடி அந்த ஊருக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். இந்தக் கட்டடத்திலிருந்து வடக்கே ஆறாம் அவென்யூவில் பத்து நிமிடம் நடந்தால் பெல்லூஸ்கியின் எக்விடபிள் கட்டடம் வரும், இப்போது காமன்வெல்த் கட்டடம் என்று பேர். 1948ல் முடிந்தது. வெளியே அலுமினியம் போர்த்திய முதல் பெரிய அலுவலகக் கட்டடங்களில் ஒன்று என்று அதற்கும் பாடப்புத்தகங்களில் இடம் உண்டு. கிரேவ்ஸின் கட்டடத்தைக் கிறிஸ்துமஸ் பொட்டலம் என்று திட்டிய அதே பெல்லூஸ்கிதான். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அந்தப் பொட்டலத்துக்கும் கடைசியில் அலுமினியத் தாள்தான் சுற்றினார்கள். இரண்டையும் தெருவில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிரேவ்ஸின் கட்டடத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது ஓடு, அலுமினியம் அதற்கு மேலேதான் ஆரம்பிக்கிறது.